வண்டலில் கிடந்த ஈயம்

மாசி பிறந்து நாலாம் நாள் காலையில் பட்டி வலையை அவிழ்த்துவிட்டபோது மூன்று வாத்துகள் எழுந்திருக்கவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஊரையே எழுப்புகிற கத்தலோடு வாய்க்காலைப் பார்த்து ஓடின. இந்த மூன்றும் றெக்கைகளைச் சரிந்த கூரை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தன. கோவிந்தம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். கனமே இல்லை. நெஞ்செலும்பு உள்ளங்கையில் குத்தியது. பின்பக்கத்து இறகெல்லாம் பச்சைப்பசேலென்று ஒட்டிக் கிடந்தது.

"யோவ், இங்க வா. இத்தப் பாரு."

அவள் புருஷன் அருணகிரி வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து குனிந்து பார்த்தான். "பனி ஜாஸ்தி. சளி கட்டிக்கினு இருக்கும். மஞ்சத்தண்ணி குடு, சரியாப் பூடும்."

கொடுத்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மூன்றும் செத்துப்போயின.

இரண்டு பேரும் திமிரிப் பக்கத்துக்காரர்கள். இருபத்திரண்டு வருஷமாக வாத்து மேய்க்கிறார்கள். எந்த ஊரில் அறுப்பு முடிகிறதோ அந்த ஊரில் போய்க் கூடாரம் போட்டு, உதிர்ந்த நெல்லிலும் நத்தையிலும் வாத்துகளை மேயவிடுவார்கள். நிலத்துக்காரனுக்கு எரு, இவர்களுக்கு முட்டை. இந்த வருஷம் ஆம்பூரை ஒட்டி, மலையடிவாரத்து ஏரிக்குக் கீழே இருக்கும் நெல்லித்தாங்கலுக்கு வந்திருந்தார்கள். மகள் நந்தினி ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் பெற்றவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம். அதுவும் ஒரு காரணம்.

நானூற்றைம்பது வாத்தையும் ஒரே வயலில் விட்டால் மேய்ச்சல் பத்தாது. அதனால் பகலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். அருணகிரி ஓட்டிப்போகிறவற்றுக்கு முதுகில் சிவப்பு மை. கோவிந்தம்மாள் பங்குக்கு நீலம். சாயங்காலம் எல்லாம் ஒரே பட்டிக்குள் வந்து அடையும்.

ஐந்து நாளில் இருபத்தாறு செத்தன. வாத்துக்காரி பட்டியில் பறவைக் காய்ச்சல் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அருணகிரி மேய்க்கிற வயலின் சொந்தக்காரர் செந்தில்குமார் பைக்கை வண்டல் குவியல்களுக்கு ஓரமாக வரப்பிலேயே நிறுத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பேசினார்.

"அருணகிரி, தப்பா எடுத்துக்காத. ஊர்ல எல்லா வூட்லயும் கோழி கீது. பேஜார் பண்ணாம நாளைக்குள்ள காலி பண்ணிடு. இல்லன்னா நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆவணும். அவங்க வந்தா ஒண்ணு வுடாம குழியில போட்டு மூடிருவாங்க."

"ண்ணா, உங்க வயலுக்கு எதுனா மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"அறுத்த வயலுக்கு எவம்மா மருந்து அடிப்பான்? தோல் ஷாப்புக் கழிவுத் தண்ணி எதுனா குடிச்சிருக்கும். பாலாத்துப் பக்கம் ஓட்டிக்கினு போனீங்களோ இன்னாவோ."

"பாலாறு எங்க, நாங்க எங்க. இந்த வாய்க்கால் தண்ணிதான் எல்லாம் குடிக்குது."

அவர் போன பிறகு அவள் செத்ததை எல்லாம் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எட்டு. ஒவ்வொன்றாகக் குழிக்குள் வைக்கும்போது கை நின்றது. எட்டின் முதுகிலும் சிவப்பு மை. நேற்றைய ஆறும் சிவப்புதான். அதற்கு முந்தின நாளும் நீலம் எதையும் புதைத்ததாக ஞாபகம் இல்லை.

"யோவ், நோவுன்னா ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். ராவெல்லாம் ஒரே பட்டியில ஒட்டிக்கினு படுக்குது. ஒரே தண்ணி. என் பங்குல ஒண்ணு கூடச் சாவலியே. இது நோவு இல்ல."

"அப்ப நான் மேய்க்கத் தெரியாம மேய்க்கறேன்னு சொல்றியா?"

"உன்னச் சொல்லல. நீ மேய்க்கற எடத்துல இன்னாமோ துன்னுது."

அருணகிரி கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "ஆம்பூர்ல ஒரு யாபாரிகிட்ட பேசிட்டேன். நடக்க முடியாத வாத்தெல்லாம் நாளைக்கிக் காலையில வந்து எடுத்துக்குவான். உசிரோட இருக்கும்போதே அறுத்துட்டா யாருக்குத் தெரியும்?"

"துன்றவனுக்கு இன்னா ஆவும்?"

"வெந்தாப் போச்சு. எல்லாம் குழிக்குப் போறதுக்கு ஒரு பங்காவது மிஞ்சட்டும்மே. நமக்கு வேற இன்னா கீது?"

அவள் அன்று கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிவைத்தாள். அவள் சாப்பிடவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே செத்த வாத்து ஒன்றைப் பலகை மேல் போட்டாள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வயிற்றைக் கீறினாள். வாத்து அறுப்பது அவளுக்குப் புதிதல்ல. ஈரல் சுருங்கிப்போயிருந்தது, பித்தப்பை வீங்கியிருந்தது. இரைப்பையைத் தொட்டபோது கெட்டியாக இருந்தது. அதை வகுந்து உள்தோலைப் பிரித்தாள். மஞ்சளாக இருக்கவேண்டிய தோல் கரும்பச்சையாகக் கிடந்தது. அரைபட்ட நெல்லும் மணலும் இருந்தன. மணலோடு வேறு ஏதோவும் கலந்திருந்தது. சொம்புத் தண்ணீரில் அலசிக் கையில் ஏந்தினாள். பதினோரு மணிகள், சாம்பல் நிறம். சிலது மிளகு மாதிரி உருண்டை, சிலது தேய்ந்துபோன துவரம்பருப்பு மாதிரித் தட்டை. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது, உள்ளே பளபளப்பு.

அருணகிரி எட்டிப்பார்த்தான். ஒன்றை எடுத்து விரலால் உருட்டினான். வீச்சுவலை வைத்திருக்கிறவன், அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? "ஈயம்" என்றான் மெல்ல. "வலைக்குண்டு ஈயம்தான். ஆனா இவ்ளோ சின்னதா யாரு பண்றாங்க?"

மறுநாள் காலை யாபாரியின் டெம்போ வந்தது. கோவிந்தம்மாள் பட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் கையில் அந்தப் பதினோரு மணிகளும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தன.

"அண்ணே, இது வாத்து வயித்துல இருந்துச்சி. ஈயம். கறியிலயும் எறங்கியிருக்கும். நீ இத்த எடுத்துக்கினு போனா எதுனா ஒரு வூட்டுப் புள்ளதான் துன்னும். நான் குடுக்க மாட்டேன்."

"உம் புருஷன் பேசிட்டானேம்மா."

"அவரு பேசும்போது தெரியாது. இப்பத் தெரியும். கேட்டுக்க."

யாபாரி அருணகிரியைப் பார்த்தான். அருணகிரி தரையைப் பார்த்தான். "வண்டியத் திருப்பிக்க அண்ணாத்த" என்றான். டெம்போ கிளம்பிப் போனதும் கூடாரத்துக்குள் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். "வா, ஆம்பூருக்குப் போலாம். எனக்கு வலைக்குண்டு குடுக்கற பாயைப் பார்க்கலாம். அவருக்குத் தெரியும்."

ரஷீத் அஹமது பாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வலைக்கடை வைத்திருந்தார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவர் தன் கிளாஸை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத்தான் தூக்கினார். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாளுக்குத் தன் வாத்துகளின் றெக்கைதான் கண்ணில் வந்தது. அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொடவில்லை. "இது வலைக்குண்டு இல்லம்மா. ரவை. துப்பாக்கிக்குப் போடற ஈய ரவை. எங்க கெடச்சது?"

"வாத்து வயித்துல. நெல்லித்தாங்கல்ல மேய்க்கறோம்."

"நெல்லித்தாங்கலா?" என்று கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா ரவை ஊத்தறவர். நானும் ஊத்தியிருக்கேன். இரும்புச் சட்டியில ஈயத்த உருக்கி, துளியூண்டு பாஷாணம் கலப்பார். இல்லன்னா உருண்டு வராது. அடியில ஊசித் தொளை போட்ட கரண்டியில அள்ளிக்கினு மச்சு மேல நிப்பார். கீழ அண்டா நெறைய தண்ணி. சொட்டு சொட்டா வுழும். காத்துல வர்றப்பவே உருண்டுக்கும், தண்ணியில பட்டதும் கெட்டியாப் பூடும். சொய்ங்குன்னு ஒரு சத்தம். அண்டாகிட்ட நான்தான் உக்காந்திருப்பேன். அப்புறம் பலகையச் சாய்ச்சி வச்சி உருட்டி வுடுவோம். நல்ல உருண்டை நேரா ஓடும். கோணல் பக்கத்துல வுழுந்துரும், அத்த மறுபடியும் உருக்குவோம். அப்பாவோட ரவை ஊசி குத்துன மாதிரி ஒரு சின்னக் குழி வச்சிருக்கும். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கார் போட்டுக்கினு வந்து வாங்குவாங்க."

"எதுக்கு?"

"தாரா, அதான் காட்டு வாத்து, அத்தச் சுடறதுக்கு. பனிக்காலத்துல அந்த ஏரியில தாரா வந்து எறங்கும், தண்ணி தெரியாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சுடுவாங்க. சட்டம் வந்து, கூடாதுன்னு சொன்ன அப்புறமும் பத்து வருஷம் திருட்டுத்தனமா நடந்துச்சி. ஒரு தோட்டாவுல எரநூறு ரவை. தாரா மேல படறது நாலோ அஞ்சோ. மிச்சம் எங்க போவும்? ஏரிக்குள்ளதான். ஈயம் மக்காதும்மா. எம் பேரன் காலத்துலயும் அப்படியே கெடக்கும்."

அருணகிரி கேட்டான். "ஏரியில கெடக்கறது வயலுக்கு எப்படி பாய் வந்துச்சி? நாங்க ஏரிக்குள்ள எறங்கவே இல்லையே."

கேட்டு முடிப்பதற்குள் கோவிந்தம்மாளுக்குப் பிடிபட்டுவிட்டது. "வண்டல்" என்றாள். "ஏரியத் தூர் வாரறாங்க இல்ல. செந்தில்குமார் அண்ணன் நெலத்துக்கு நாப்பது லோடு வண்டல் அடிச்சிருக்காரு. நான் மேய்க்கற பக்கம் யாரும் அடிக்கல. வாத்து அரைவைக்கு மணல் முழுங்கும். மணலுன்னு நெனச்சி இத்த முழுங்கியிருக்கு."

பாய் அவளையே பார்த்தார். பிறகு தொங்குகிற கையைக் காட்டினார். "ஆறு வருஷமா உருக்கறத வுட்டுட்டேன். டாக்டர் சொன்னாரு, உன் ரத்தத்துல ஈயம்னு. நாலு வேளை கை கழுவிட்டுத்தான் சாப்பிடுவேன், அப்பவும் ஏறிடுச்சி. மனுஷனுக்கே இப்படின்னா வாத்துக்கு எம்மாத்திரம். சீக்கிரமா மாட்டு டாக்டரைப் பாரும்மா."

கால்நடை டாக்டர் ஹேமலதா அன்றைக்கே வந்தார். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ரத்தம் எடுத்தார், காய்ச்சல் பரிசோதனைக்கு அனுப்பினார், பதில் வரும் வரைக்கும் ஒரு வாத்தும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று செந்தில்குமாரையும் கூப்பிட்டுச் சொன்னார். சிவப்பு மை வாத்தின் முட்டையை விற்கவோ சாப்பிடவோ கூடாது என்றார். பிறகு கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதுதான் சரின்னு தோணுதும்மா. இதுக்கு ஊசி இருக்கு. ஆனா சென்னையிலருந்து வரணும், இத்தனை உருப்படிக்குக் கிடைக்காது. இன்னொரு வழி இருக்கு. உள்ள டியூப் விட்டு வெதுவெதுப்பான தண்ணியால கழுவி, ரவையை வெளியில எடுக்கிறது. ஒண்ணு ரெண்டுக்குப் பண்ணலாம். நூத்துக்கணக்குல யாரு பண்ணுவாங்க?"

"எப்படின்னு காட்டுங்க டாக்டரம்மா."

டாக்டர் காட்டினார். வாத்தைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். மெல்லிய டியூபை எண்ணெய் தடவி, நாக்குக்குப் பின்னால் இருக்கிற மூச்சுத்துளையில் போகாமல், தொண்டை வழியாக இரைப்பை வரைக்கும் இறக்கவேண்டும். பாட்டிலை அமுக்கினால் தண்ணீர் உள்ளே போய், மணலையும் ரவையையும் அள்ளிக்கொண்டு அலகு வழியாகத் திரும்பும். துளை மாறினால் வாத்து அங்கேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

நந்தினி மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் சாவு இன்னும் ஏறி, சிவப்பு மையில் நூற்று எழுபதுதான் மிச்சம் இருந்தது. அருணகிரி பிடித்துச் சாய்த்தான். நந்தினி பாட்டிலை அமுக்கினாள். டியூபை இறக்குகிற வேலை கோவிந்தம்மாளுடையது. முதல் மணி நேரத்தில் மூன்று அவள் கையிலேயே செத்தன. மூன்றாவது செத்தபோது அருணகிரி, "வுட்டுரலாமே" என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டியூப் போவும்போது தொண்டையில விரல வச்சிக்கணும். ரெண்டு கொழாயும் தனித்தனியாத் தெரியுது. இப்பப் புரிஞ்சிச்சி. அடுத்தது குடு."

அதற்கப்புறம் ஒன்றும் அவள் கையில் சாகவில்லை. இடது கை விரல் கழுத்தை வருடிக்கொண்டே போகும். டியூப் இறங்குவது இறகுக்கு மேலேயே அவளுக்குத் தெரியும். டியூபில் போட்டிருந்த குறி அலகுக்கு வந்ததும், "ம்" என்பாள். நந்தினி அமுக்குவாள். கீழே இருக்கும் வெள்ளைப் பேசினில் கலங்கல் தண்ணீர் கொட்டும், கூடவே டக், டக் என்று ரவை விழும். ஒன்றில் மூன்று, ஒன்றில் பத்தொன்பது. சிலதில் ஒன்றுமே இருக்காது. விறகடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டே இருந்தது. முதுகு கழன்றது. விரலெல்லாம் அலகு கீறிய காயம். டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவியதில் அந்தக் காயம் எரிந்தது.

"யம்மா, கம்பெனியில ஒரு நாளைக்கு எரநூறு ஜோடி தைக்கறோம்" என்றாள் நந்தினி. "சூப்பர்வைசர் பார்த்தா உன்ன லைன்ல உக்கார வச்சிருவாரு. கை அப்படிப் போவுது."

"எங்கிட்ட வாத்து கத்தும். உங்க சூப்பர்வைசர மாதிரி கத்தாது."

இரண்டு நாளும் செந்தில்குமார் வரப்பில் பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் இறங்கி வந்தார். முகத்தில் துண்டு இல்லை. பேசினில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். "இதெல்லாமா என் வயல்ல கெடந்துச்சி?"

"ஆமாண்ணா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அருணகிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்படிப் புடிக்கணும்னு சொல்லு. நீ கொஞ்சம் இடுப்ப நிமித்து."

பறவைக் காய்ச்சல் இல்லை என்று ஐந்தாம் நாள் பதில் வந்தது. அதற்குள் கழுவியவற்றில் இன்னும் நாற்பத்தொன்று செத்திருந்தன, ஈயம் முன்னமே ரத்தத்தில் கலந்துவிட்டவை. மிச்சம் தீனி எடுக்க ஆரம்பித்துவிட்டன. கிளம்பலாம் என்றான் அருணகிரி.

"ஏரியில ஜேசிபி இன்னும் ஓடுது" என்றாள் கோவிந்தம்மாள். "டிப்பர் தெனம் போவுது. எத்தனை வயலுக்குப் போவுதோ. நமக்கப்புறம் வேற வாத்துக்காரங்க வருவாங்க. ஊர்க்கோழி மேயுது. சொல்லாம எப்படிப் போறது?"

"சொன்னா ஊர்ல அடிக்க வருவான். மூணு வருஷம் கழிச்சி இப்பத்தான் வண்டல் கெடைக்குதுன்னு சந்தோஷமா கீறான்."

"அதுக்கு?"

அவள் போய்ச் சொன்னதும் ஏரிக்கரையில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். காண்டிராக்டரின் ஆள் ஜேசிபியை நிறுத்தச் சொன்னதில் கடுப்பாக இருந்தான். "எவளோ வாத்துக்காரி சொல்றான்னு கவர்மெண்டு வேலைய நிறுத்துவீங்களா? ஈயம் கீதுன்னா காட்டு பார்ப்போம்."

கோவிந்தம்மாள் வாதம் பண்ணவில்லை. புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து ஒரு தட்டு வண்டல் அள்ளினாள். அகலமான அலுமினியச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அரிசியில் கல் அரிப்பது போல அரித்தாள். அரிசிதான் மேலே வழிந்து போகும், கல் அடியில் நிற்கும். இங்கே சேறு போனது, நார் போனது, மணலும் போனது. கடைசியில் சட்டியின் ஓரத்தில் நாலைந்து சாம்பல் மணிகள் மட்டும் நின்றன. சட்டியைக் காண்டிராக்டரின் ஆளிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தான். சட்டி கை மாறிக்கொண்டே போனது.

"வருஷா வருஷம் கோரைக்குள்ள நாலஞ்சு தாரா செத்துக் கெடக்கும்" என்றார் ஏரிக்காவல் பார்க்கிற ஒருவர். "தோல் ஷாப்புத் தண்ணின்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரை மேல் நடந்து வந்தார் ரஷீத் பாய். அவரை யாரும் கூப்பிடவில்லை. கோவிந்தம்மாள் அருணகிரியைப் பார்த்தாள். அவன், "போன்ல சொன்னேன், அவ்ளோதான்" என்றான். பாய் சட்டியை இடது கையில் வாங்கி, ஒரு மணியை விரலால் திருப்பினார். ஊசி குத்திய மாதிரி ஒரு குழி இருந்தது.

"இது எங்க வூட்ல ஊத்துனது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "லைசென்ஸ் கிடையாது. யாரு மேல வேணா கேஸ் போடுங்க, எம் மேலயே போடுங்க. ஆனா நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. ஏரி முழுக்க இது இல்ல. சுடறவங்க அந்த ரெண்டு புளியமரத்துக்கு நடுவுலதான் நிப்பாங்க. நான் பக்கத்துல நின்னு பை புடிச்சிருக்கேன். தாரா மேற்கால எழும்பும். ரவை எல்லாம் அம்பது கெஜத்துக்கும் நூறு கெஜத்துக்கும் நடுவுல வுழும். அந்தப் பட்டையத் தோண்டாதீங்க. மத்த எடத்துல தாராளமா எடுங்க."

இடம் இடமாக மண் எடுத்துவரச் சொன்னார் செந்தில்குமார். கோவிந்தம்மாள் அரித்தாள். வெயில் ஏறஏற அரித்துக்கொண்டே இருந்தாள். இருபத்தேழு சட்டி. பாய் காட்டிய பட்டைக்குள் எடுத்ததில் எல்லாம் ரவை. வெளியே எடுத்ததில் ஒன்றும் இல்லை. ஜேசிபிக்காரன்கூட வண்டியை விட்டு இறங்கி வந்து பார்த்தான். சாயங்காலத்துக்குள் அந்தப் பட்டையைச் சுற்றிக் கல் நட்டார்கள். "என் நெலத்துல கொட்டுனத நானே சுரண்டி எடுத்து இங்கயே போட்டு மூடிடறேன்" என்றார் செந்தில்குமார். வேறு இரண்டு பேரும் தாங்களும் அப்படியே செய்வதாகச் சொன்னார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

பாய் பஸ்ஸுக்கு நின்றபோது கோவிந்தம்மாள் நீல மை வாத்தின் முட்டைகளை வைக்கோல் சுற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "இதெல்லாம் எதுக்கும்மா? உன் வாத்தெல்லாம் செத்ததே என்னாலதான்."

"உங்களாலதான் பாய். மிச்சம் பொழச்சதும் உங்களாலதான். புடிங்க." அவர் வலது கையை நீட்டி, பிறகு மாற்றி, இடது முழங்கையில் பையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் வெயிலுக்கு முன்னால் கூடாரம் பிரித்தார்கள். அடுத்த அறுப்பு திமிரிப் பக்கம்தான். சாமானெல்லாம் மினி வேனில் போயிற்று. முதல் பொழுதில் வாத்துகளைக் குறுக்குப்பாதை வழியாக ஓட்டிப்போய், ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் மேட்டிலிருந்து வண்டி ஏற்றவேண்டும். அருணகிரி முன்னால் நடந்தான், கோவிந்தம்மாள் கடைசியில். முந்நூற்றைம்பதும் ரோட்டைத் தாண்டிவிட்டன. ஒன்று மட்டும் தாண்டவில்லை. கழுத்து ஒரு பக்கம் கோணி, றெக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, நடு ரோட்டில் நின்று மூச்சு வாங்கியது.

"தூக்கிக்கினு வாயேன்மே" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான் அருணகிரி.

"தானா நடக்குதுயா. மூணு நாளா நடக்கலியே, இன்னிக்கித்தான் நடக்குது."

தோல் ஏற்றிய லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஷூ கம்பெனி பஸ், இரண்டு பைக். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கோவிந்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கோலைக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள். வாத்து ஒரு அடி வைத்தது, கொஞ்ச நேரம் நின்றது, இன்னொரு அடி வைத்தது.